மரப்பாச்சியின் ரவிக்கை

நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைக் கீழே இறக்குவோம். அதில் பழைய வேட்டியில் சுற்றி வைத்த மரப்பாச்சி இணை ஒன்று இருக்கிறது. பாட்டி தன் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒன்பது அங்குல உயரம். செம்மரம். கை படப் படக் கறுத்து, இப்போது கருங்காலி என்று சொன்னால் நம்பிவிடலாம். மூக்கு தேய்ந்துவிட்டது. நாங்கள் குழந்தையாக இருந்தபோது யாருக்காவது வீக்கம் கண்டால் பொம்மையின் அடியைக் கல்லில் உரசிப் பற்றுப் போடுவார்கள். ஆகவே ராணி ராஜாவைவிட ஒரு நூல் குட்டை. உமா மகேஸ்வரி 'மரப்பாச்சி' என்று ஒரு கதைக்குப் பெயர் வைத்தபோது, அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இந்தப் பொம்மைகளுக்கு உடை உடுத்துவது பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அற்பமான விஷயம் என்று நண்பர்கள் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2022 செப்டம்பர் 30 அன்று 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியானது. அந்த ஆண்டு நவராத்திரியின் நடுவில். மறு ஆண்டிலிருந்து நான் பார்த்த கொலுக்களில் பாதிக்கு மேல் மரப்பாச்சி ராணி குந்தவையாகிவிட்டாள். பளபளக்கும் செயற்கைப் பட்டு, முதுகில் ஊக்கு வைத்த ரவிக்கை, பசையால் ஒட்டிய ஜிகினா. கேட்டால் 'சோழர் காலத்து உடை' என்கிறார்கள். திரைப்படத்தின் உடை அலங்காரம் திரைப்படத்துக்கானது. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் சோழர் காலம் எப்படி உடுத்தியது என்று அறிய வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஒன்றும் தூரதேசம் அல்ல. பெரிய கோயில் கருவறைச் சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்குக் கீழே மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே ஆடும் பெண்களின் இடையில் துணி இருக்கிறது, உடம்பெங்கும் அணி இருக்கிறது. தைத்த ரவிக்கை இல்லை. செப்புத் திருமேனிகளிலும் அதுவே. தேவியரின் இடைக்குக் கீழே துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் கோடாக வார்க்கப்பட்டிருக்கிறது. இடைக்கு மேலே அணிகலன்களே ஆடை.

நாங்கள் இலக்கியம் படிப்பவர்கள். ஓர் ஏட்டுப் பிரதியைப் பதிப்பிப்பவர், தமக்குப் பிடித்த சொல் ஒன்றை இடையில் செருகி 'இது இளங்கோ எழுதியது' என்று சொன்னால் சும்மா இருப்போமா? 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே.சா. ஒரு பாடபேதத்துக்காக எத்தனை ஏடுகளைத் தேடி எத்தனை ஊர் அலைந்தார் என்று வகுப்பில் உருகி உருகிச் சொல்கிறோம். துணி என்று வந்தால் மட்டும் எதையும் எதனோடும் ஒட்டலாம் என்று நினைக்கிறோம். துணியும் ஒரு பாடம்தான் என்பது என் கட்சி.

நான் வாழும் ஊர் சீர்காழி. நான் பிறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம், 1991இலிருந்து நாகப்பட்டினம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை. ஊர் நகராமலே மாவட்டங்கள் நகர்ந்தன. இங்குள்ள கோயிலின் மேல்தளத்தில் இருப்பவர் சட்டைநாதர். உலகளந்த பெருமாளின் செருக்கை அடக்கி, அவர் தோலையே சட்டையாக அணிந்தார் என்பது தலபுராணம். உடுப்பின் பெயரால் அழைக்கப்படும் கடவுள் வேறு எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பாம்பு உரிப்பதும் சட்டை, நாம் போடுவதும் சட்டை; வடமொழியின் 'கஞ்சுகம்' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருளும் உண்டு. தைத்த உடுப்பு என்பது உடம்பின்மேல் இன்னொரு தோல். உடுத்துவது வேறு, போட்டுக்கொள்வது வேறு. சேலையை உடுத்துகிறோம், வேட்டியைக் கட்டுகிறோம், சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறோம். நம் வினைச்சொற்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் நினைவிருக்கிறது.

சங்க நூல்களில் தைத்த உடுப்பு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து நிற்பவர்கள் யவனர்கள். பாசறையில் காவலுக்கு வந்த அயலார். பொருநராற்றுப்படையில் ஊசியும் நூலும் ஏறிய துணி, பசியோடு வரும் பொருநனின் கந்தல். துன்னம் போட்டுப் போட்டு, முதல் இழை எது, பின்னால் சேர்ந்த இழை எது என்று தெரியாத கந்தல். அரசன் அவனுக்குத் தருவதோ பாம்பின் தோல் போன்ற மெல்லிய, தைக்காத துகில். ஆக, தையல் என்பது அந்நியனின் அடையாளம் அல்லது ஏழையின் அடையாளம். இதை நான் சற்று மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரியும். புகாரின் வீதியிலேயே துன்னகாரர்கள் இருந்தார்கள் என்று சிலம்பின் இந்திரவிழவு காதை சொல்கிறது. எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் அதே புகார். தையற்காரரையும் தோல் தைப்பவரையும் சொன்ன கையோடு இளங்கோ யாரைச் சொல்கிறார் தெரியுமா? துணியாலும் நெட்டியாலும் கைவேலைகள் செய்தவர்களை. தையற்காரருக்குப் பக்கத்து வீடு பொம்மைக்காரருடையதாக இருந்திருக்கலாம் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. ஆதாரம் ஒன்றும் இல்லை, ஆசைதான்.

பாவைக்கு அலங்காரம் செய்வது சிறுமியர் வழக்கம் என்பதற்குச் சான்று தேடவே வேண்டாம். கோரையைக் கிழித்து முடைந்த பைஞ்சாய்ப்பாவை ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும் வருகிறது. நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் வண்டற்பாவை செய்தார்கள். கடல் வந்து அழித்தால் அழுதார்கள்.

பொம்மைக்கு உடை தைப்பது எங்கும் உள்ளதுதான். இங்கிலாந்தின் விக்டோரியா அரசி சிறுமியாக இருந்தபோது அவரிடம் 132 பொம்மைகள் இருந்தன. பெரும்பாலும் மலிவான மரப்பொம்மைகள். அவற்றில் 32க்குத் தம் கையாலேயே உடை தைத்தார், மேடை நடிகையரின் உடைகளைப் பார்த்து. ஜப்பானில் மார்ச் 3ஆம் நாள் ஹினா பொம்மைகளைச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அடுக்குகிறார்கள். நம் கொலுவைக் கண்டவர்களுக்கு அதைப் பார்த்தால் ஒரு திடுக்கிடல் ஏற்படும். உச்சிப்படியில் அரசனும் அரசியும். ஹெயன் காலத்து அவை உடை, அரசிக்கு அடுக்கடுக்காகப் பன்னிரண்டு ஆடைகள் என்று பெயர் பெற்ற அலங்காரம். அங்கே உடை பொம்மையோடு பிறந்தது, கைதேர்ந்தவர்கள் செய்துதருகிறார்கள். நம் மரப்பாச்சி கடையிலிருந்து வெறும் மரமாக வரும். உடை அந்தந்த வீட்டின் பொறுப்பு. ஆகவே அங்கே மரபு பட்டறையில் இருக்கிறது, இங்கே பாட்டியின் தையல் பெட்டியில். பெட்டி தொலைந்தால் மரபும் தொலையும்.

தில்லியில் 1965இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் நிறுவிய பொம்மை அருங்காட்சியகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நல்ல முயற்சி. ஆனால் அதன் நிழலில் கைவினைக் கடைகளில் பெருகிய 'இந்திய மணமகள்' வரிசைப் பொம்மைகளில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மாநிலத்துக்கு ஒரு மணப்பெண். தமிழ்நாடு என்றால் காஞ்சிப் பட்டும் ஒட்டியாணமும். ஒரு நாட்டில் எல்லா நாளும் கல்யாண நாள் என்று யார் சொன்னது?

சரி, சென்ற ஆண்டுக்கு வருகிறேன். நான் பணிபுரியும் கல்லூரியின் நூலகத்தில் கொலு வைப்பது என்று முடிவானது. எங்கள் துறை சார்பாக மரப்பாச்சி இணையை நான் கொண்டுவருவதாகவும், அதற்குச் சரித்திரப்படி உடை அமைப்பதாகவும் வாய்விட்டுவிட்டேன். காலம்: சரபோஜி மன்னர் ஆண்ட 1798க்கும் 1832க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். இடம்: காவிரிக் கடைமடை. ஆட்கள்: ராஜா ராணி அல்லர், ஒரு குடியானவர் இணை. அக்காலத்தில் தஞ்சை ஓவியர்கள் கம்பெனித் துரைகளுக்காகச் சாதிக்கு ஓர் இணை, தொழிலுக்கு ஓர் இணை என்று வரைந்து தள்ளினார்கள். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில், விறைப்பாக, நேரே பார்த்தபடி. மரப்பாச்சி நிற்பதைப் போலவே. மதுரையில் 1837இல் தொகுக்கப்பட்ட எழுபத்திரண்டு சாதிப் படங்களின் தொகுப்பும் இந்த வகைதான். இப்போது அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இவை எனக்கு வழிகாட்டி.

கணக்கு போட உட்கார்ந்தேன். பதினெட்டு முழச் சேலை என்றால் 324 அங்குலம். ஐந்தடிப் பெண்ணுக்கு அது. ஒன்பது அங்குலப் பெண்ணுக்கு ஏறக்குறைய 49 அங்குல நீளம், ஏழு அங்குல அகலம். இதுவரை சுலபம். துணியின் பருமனை என்ன செய்வது? நீளத்தைக் குறைக்கலாம், நூலின் கனத்தைக் குறைக்க முடியாது. புதுத் துணியில் கொசுவம் வைத்தால் பொம்மை பீப்பாய்போல் ஆகிவிடுகிறது. பல வருடம் துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் உடம்போடு ஒட்டி விழும். பாட்டி மரப்பாச்சிக்கு ஏன் எப்போதும் பழந்துணியையே எடுத்தாள், சிக்கனத்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்?

சேலை கூறைச் சேலையாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மாயவரத்துக் கூறைநாடு நமக்கு அடுத்த ஊர். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த அந்தச் சேலையின் பேரில்தான் இன்றும் கல்யாணப் புடவையைக் 'கூறை' என்கிறோம். தறிகள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. அரை அங்குலக் கட்டம் பொம்மையின் அளவில் இரண்டு மில்லிமீட்டர் ஆகவேண்டும். அவ்வளவு நுண்ணிய கட்டம் என் கணவரின் பழைய பருத்திச் சட்டை ஒன்றில் கிடைத்தது. ஒரு சட்டையில் 49 அங்குலம் தேறாது. மூன்று துண்டாக வெட்டி, கையூசியால் ஒட்டுப்போட்டேன். தையல் இயந்திரம் அக்காலத்தில் ஏது? பொருநனின் துன்னம் என் மடியில் வந்து உட்கார்ந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நிறத்தில் தோற்றேன் என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். சோழமண்டலக் கரையின் சிவப்பு சாயவேரில் எடுத்தது, நீலம் அவுரியில். 1856க்குப் பிறகு ஐரோப்பாவில் பிறந்த ரசாயனச் சாயங்கள் வந்து அந்தத் தொழிலை விழுங்கின. என் சட்டைத் துணியின் சிவப்பு சரபோஜிக்குத் தெரியாத சிவப்பு. அடியார்க்கு நல்லார் முப்பத்தாறு வகைத் துகில்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: கோசிகம், பீதகம், தேவகிரி, வெண்பொத்தி, செம்பொத்தி என்று. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றையாவது தொட்டுப் பார்த்தவர் நம்மில் யார்?

ஆணுக்கு வேட்டியும் உருமாலும். அதில் பேச ஒன்றுமில்லை.

ரவிக்கைக்கு வந்தேன். எங்கள் மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டிச் செதுக்கியவை. முழங்கைக்கு அருகில் ஒரு சின்ன இடைவெளி மட்டும். கை நுழைத்துப் போடும் எந்த உடுப்பும் அதற்கு ஏறாது. செதுக்கியவன் தைத்த துணியை நினைத்துச் செதுக்கவில்லை, சுற்றும் துணியை நினைத்துச் செதுக்கியிருக்கிறான். அக்கால ஓவியங்களிலும் சில பெண்கள் முன்புறம் முடிச்சிட்ட ரவிக்கையோடும், பலர் மேலாக்கு மட்டும் போட்டும் நிற்கிறார்கள். குடியானவப் பெண்ணுக்கு ரவிக்கை வேண்டாம் என்று தீர்மானித்தேன். முந்தானையை மார்பில் சுற்றி இடுப்பில் செருகினேன். கண்ணியமாகவே இருந்தது. 'சீர்காழிச் சீமை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்' என்று அட்டை எழுதி வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தேன்.

முதல் நாள் மாலை இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அட்டையைப் படித்துவிட்டு நெடுநேரம் நின்றாள். "அம்மா, எங்க அப்பாயியும் கடைசிவரைக்கும் ரவிக்கை போட்டதில்ல. நடவுக்கெல்லாம் இப்படியேதான் போவாங்க. ஆனா போட்டோ எடுக்கறேன்னு யாராச்சும் வந்தா மட்டும் துண்டை எடுத்துப் போர்த்திக்குவாங்க" என்றாள். அவ்வளவுதான். குற்றம் சாட்டுவதுபோல் அல்ல. ஒரு தகவலைச் சொல்வதுபோல்.

நானும் சிறுவயதில் அப்படிப்பட்ட கிழவிகளை வயல் வரப்பில் பார்த்தவள்தான். என் பாட்டியும் ரவிக்கை அணியாதவர்தான், கணவர் இறந்தபின். ஆனால் மூன்றும் ஒன்றல்லவே. ஒருத்திக்கு அது ஊர் வழக்கம், ஒருத்திக்கு விதவைக் கோலம், இன்னொருத்திக்குத் தடை. திருவிதாங்கூரின் தெற்கே நாடார் பெண்கள் மேலுடம்பை மூடும் உரிமைக்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடிபட்டு, 1859இல்தான் அரசாணை வந்தது. அதுவும் நிபந்தனையோடு. அது பழங்கதை என்பவர்கள் 1930ஐப் பார்க்கட்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஹட்டன் தம் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். ஆண் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது. பெண் ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது. பொன், வெள்ளி, பூ, மஞ்சள் எதுவும் கூடாது. நான் அங்குலக் கணக்கில் துல்லியமாகச் செய்த அந்தச் 'சரியான' உடை, ஒரு வீட்டில் பழமையின் அழகு. மற்றொரு வீட்டில் மீறினால் அடி விழுந்திருக்கும் சட்டம். என் அட்டையில் காலம் இருந்தது, இடம் இருந்தது. யார் என்பதைக் 'குடியானவர்' என்ற ஒரு வழுக்கலான சொல்லால் கடந்துபோயிருந்தேன்.

இதனால் குந்தவைக்காரர்கள் சரி என்று ஆகிவிடாது. முதுகு ஊக்கு வைத்த சோழ இளவரசி பொய்தான். அந்தப் பொய், ரவிக்கைக்காகப் பட்ட பாடு முழுவதையும் ஒரே இழுப்பில் அழித்துவிடுகிறது. ஆதிமுதல் எல்லோரும் போட்டிருந்தார்கள் என்றால் யார் எதற்காகப் போராடினார்கள்? ஆகவே சரித்திரப்படி உடுத்தவேண்டும் என்ற என் கட்சியை விடுவதாக இல்லை. நான் விட்டது, அளவும் தையலும் சரியாக இருந்தால் சரித்திரம் சரியாகிவிடும் என்ற நினைப்பை. மரப்பாச்சிக்கு முகபாவம் கிடையாது. அவள் விரும்பி அப்படி நிற்கிறாளா, நிறுத்தப்பட்டிருக்கிறாளா என்று மரம் சொல்லாது. அட்டையை மாற்றி எழுதலாம் என்று இரண்டு மூன்று வரைவுகள் போட்டேன். எதுவும் திருப்தியாக வரவில்லை. பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பக்கக் கட்டுரையா வைப்பது?

மூன்றாம் நாள் காலையில் நூலகத்தைத் திறந்து விளக்கேற்றப் போனபோது, மரப்பாச்சி ரவிக்கை அணிந்திருந்தாள்.

சிவப்புப் பருத்தித் துணி. இயந்திரத் தையல் அல்ல, கைத்தையல். முன்புறம் ஒரு துண்டு, பின்புறம் ஒரு துண்டு, முழங்கை இடைவெளியில் துணியை நுழைத்து எடுத்து, பொம்மையின்மேல் வைத்தபடியே தைத்திருந்தார்கள். தோளில் போட்ட தையல் என்னுடையதைவிட நெருக்கம். கழுத்தில் மெல்லிய பட்டி மடித்துத் தைத்திருந்தது. என் கூறைச் சேலையின் முந்தானையைக் கலைத்து, வேலை முடிந்ததும் மறுபடியும் அதே மடிப்பில் செருகியிருந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத வேலை.

யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டு வற்புறுத்தவில்லை. பொம்மை 'அப்படி' நிற்பது முறையல்ல என்று முதல் நாளே மூத்தவர் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்திருந்தது. அவர் சொல்லிச் செய்த வேலையாக இருக்கலாம். அந்த மாணவியாகவும் இருக்கலாம். கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் தையல் தெரிந்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒழுக்கத்துக்காகப் போட்ட ரவிக்கை ஒன்று, அப்பாயிக்காகப் போட்ட ரவிக்கை வேறொன்று. தையலைப் பார்த்தால் எது என்று சொல்ல முடியவில்லை.

அட்டையை மட்டும் எடுத்துவிட்டேன். மீதி நாட்களும் அவள் அப்படியே நின்றாள்.

விஜயதசமி இரவில் வழக்கம்போல் அவளைப் படுக்கவைத்தோம். மறுநாள் பெட்டியில் வைக்குமுன் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். ரவிக்கையை அவிழ்க்க வழியில்லை. உடம்போடு வைத்துத் தைத்தது, கழற்றவேண்டுமானால் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். இந்த ஆண்டுக் கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கத்தரிக்கோலை இதுவரை எடுக்கவில்லை.